புகார் எத்தனை மணிக்கு வந்தது? ஃபிரோசாபாத் காவல்துறையின் பிளாக்செயின் முயற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

கொலை வழக்கு விசாரணையில் இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறினால், எதிர்த்தரப்பு வக்கீல் அநேகமாகத் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது?”

காலை 9.30க்குப் புகார் வந்தது, உடனே பதிவு செய்தோம் என்று எஃப்.ஐ.ஆர். சொல்லும். அதே தாளில் மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டு இரவு 11 மணி என்று நேரம் குறித்திருப்பார். நடுவில் பதிமூன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கலாம். இரண்டு பெயர்கள் கூடியிருக்கலாம், ஒரு பெயர் விழுந்திருக்கலாம், கம்பு அரிவாளாக மாறியிருக்கலாம். உண்மையில் எதுவுமே மாறாமலும் இருந்திருக்கலாம். ஆனால் மாறவில்லை என்று காட்ட போலீஸின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு கொலை வழக்கில் 1972இல் வந்த தீர்ப்பை இன்றும் எல்லா நீதிமன்றங்களிலும் எடுத்துக் காட்டுகிறார்கள். புகார் கொடுக்க 20 மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. தாமதமாகும் புகாரில் கற்பனையும் கலந்தாலோசனையும் கலந்துவிடும் ஆபத்து உண்டு என்றது நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

குற்றப் பதிவுகளைப் பிளாக்செயினில், அதாவது ஒரு முறை எழுதியதைப் பிறகு சத்தமில்லாமல் திருத்த முடியாதபடி பல கணினிகளில் வைக்கும் பதிவேட்டில், வைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த நேரக் கணக்குதான் நினைவுக்கு வரும். நம் சட்டம் இந்தப் பிரச்சினையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். புத்தகத்தின் தாள்களில் வரிசை எண் அச்சாகியிருப்பது நடுவில் ஒரு தாளைக் கிழிக்க முடியாதபடி செய்வதற்காக. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் நேர வரிசைப்படி எழுத வேண்டும் என்பது பின்னால் போய் ஒரு வரியைச் செருக முடியாதபடி செய்வதற்காக. வழக்கு நாட்குறிப்பு பக்க எண்ணிட்ட ஒரே தொகுதியாக இருக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172ஆம் பிரிவில் 2009இல் திருத்தமே கொண்டுவந்தார்கள். எஃப்.ஐ.ஆர். நகலைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பும் வழக்கத்தின் நோக்கமும் இதுதான். கொலை போன்ற பெரிய வழக்கில் நள்ளிரவென்றும் பாராமல், ‘எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.’ என்று ஒரு காவலர் கையில் கொடுத்து நீதிபதியின் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். எழுதியவர் கையில் மட்டும் பதிவு இருக்கக் கூடாது, அதன் சாட்சி வெளியே ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதே இத்தனைக்கும் அடிப்படை.

இனி ஃபிரோசாபாத்துக்கு வருவோம்.

உத்தரப் பிரதேசத்தில், ஆக்ராவுக்குக் கிழக்கே இருக்கும் ஊர். கண்ணாடி வளையலுக்குப் பேர்போனது. 2022 அக்டோபரில் அந்த மாவட்டக் காவல்துறை, பொதுமக்கள் இணையம் வழியாகப் புகார் கொடுக்க ஒரு தளத்தைத் தொடங்கியது. கொடுத்த புகார் பாலிகான் என்ற, யாரும் பங்குபெறக்கூடிய பொதுப் பிளாக்செயினில் பதிவாகும் என்பது ஏற்பாடு. அப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் ஆஷிஷ் திவாரி. பாலிகானை உருவாக்கியவர்களில் ஒருவரான சந்தீப் நைல்வாலும் இதைப் பொதுவெளியில் அறிவித்தார். கீழ்மட்டத்தில் யாரும் புகாரைத் திருத்தவோ, வரவேயில்லை என்று மறுக்கவோ முடியாது என்பதுதான் அவர்கள் முன்வைத்த காரணம். பாலியல் வன்கொடுமைப் புகார்களை ஸ்டேஷனில் வாங்க மறுக்கும் அவலத்துக்கும் இது பதிலாகும் என்றார்கள்.

இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் தேர்ந்தெடுத்த இடம். குற்றப் பதிவு, பிளாக்செயின் என்றதும் எல்லோரும் தண்டனைப் பதிவேட்டைத்தான் நினைக்கிறார்கள். யார் எந்த வழக்கில் தண்டனை பெற்றார் என்ற பட்டியலைத் திருத்த முடியாமல் பூட்டிவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். ஆனால் நம் நாட்டில் தண்டனைப் பதிவு கள்ளத்தனமாக மாறுவது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. தீர்ப்பு நீதிமன்றத்தில் இருக்கிறது, நகல் சிறையில் இருக்கிறது, வக்கீல் வீட்டிலும் இருக்கிறது. நாலு இடத்தில் இருப்பதை மாற்றுவது கஷ்டம். பதிவு காணாமல் போவதெல்லாம் அதற்கு வெகு முன்னால், புகார் கொடுப்பவர் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நடப்பது.

அந்த வாசலை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “இன்ஸ்பெக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கார், சாயந்திரம் வாங்க.” “இது எங்க லிமிட் இல்ல.” “பேசி முடிச்சுக்கங்க.” ரைட்டர் புகாரைப் படித்துவிட்டு, இப்படி எழுதாதீங்க, வேற மாதிரி எழுதிக் கொடுங்க என்பார். நம் ஊரில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று உண்டு. எஃப்.ஐ.ஆர். போடும் முன், புகார் வந்தது என்பதற்கான அத்தாட்சி. அந்தத் துண்டுச் சீட்டை வாங்குவதற்கே மூன்று முறை அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெண்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே சிறைத் தண்டனை என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் போதும். ஆக, சட்டத்தில் குறையில்லை. புகார் கொடுத்தேன் என்பதை நிரூபிக்க ஏழையின் கையில் எதுவும் இல்லை என்பதுதான் குறை. ஃபிரோசாபாத் அந்த இடத்தில் கை வைத்தது.

சரி, தொழில்நுட்பம் இங்கே என்ன செய்கிறது?

ஒரு புகாரை எஸ்.எச்.ஏ.-256 போன்ற கணக்கில் போட்டால் 64 எழுத்து நீளத்தில் ஒரு கோவை கிடைக்கும். இதைத்தான் ஹாஷ் என்கிறார்கள். ‘மாலை 6 மணி’ என்பதை ‘மாலை 8 மணி’ என்று மாற்றினால் போதும், 64 எழுத்தும் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். கோவையை வைத்துக்கொண்டு புகாரைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் கையில் இருக்கும் புகார் அன்று கொடுத்த அதே புகார்தானா என்பதை ஒரு நொடியில் சொல்லிவிட முடியும். இந்தக் கோவைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி, ஒவ்வொரு கட்டிலும் முந்தைய கட்டின் ஹாஷையும் சேர்த்துத் தைத்தால் அது சங்கிலி. நடுவில் ஒன்றைத் தொட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே பொருந்தாமல் போய்விடும். வரிசை எண் அச்சிட்ட எஃப்.ஐ.ஆர். புத்தகத்தின் அதே உத்திதான், கிழிக்க இயலாத தாளில்.

நேரத்தை இப்படி முத்திரையிடும் யோசனை பிட்காயினுக்கு முந்தியது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம் 1995 முதல் வாராவாரம் ஒரு ஹாஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. நாளிதழ் லட்சக்கணக்கான வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கோவையை யாரால் திருத்த முடியும்? கம்ப்யூட்டர் பெயரே கேள்விப்படாத நீதிபதிக்கும் இது விளங்கும்.

ஃபிரோசாபாத் பொதுச் சங்கிலியைத் தேர்ந்தெடுத்ததன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. அரசுத் துறைகள் பிளாக்செயின் என்று அறிவிக்கும்போது பெரும்பாலும் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பங்குபெறும் தனிச் சங்கிலியைத்தான் கட்டுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதன் கணினிகள் எல்லாமே ஒரே காவல்துறையின் சர்வர் அறையில் இருந்தால், பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். நாலு கணினியிலும் ஒரே இரவில் திருத்தலாம். பாலிகான் போன்ற சங்கிலியில் தங்கள் கணினிகளால் பதிவுகளைச் சரிபார்த்து ஏற்றுபவர்களோ போலீஸுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். எந்த ஐ.ஜி. போன் செய்தாலும் பதிவை எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் முடியாது.

அதே குணம்தான் என்னைக் கவலைப்பட வைப்பதும். எடுக்கவே முடியாத இடத்தில் மனிதரின் வாழ்க்கையை எழுதி வைக்கலாமா?

குற்றப் பதிவில் பல விஷயங்கள் அழிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவில், கொடுங்குற்றங்களுக்கான விதிவிலக்கு தவிர, சிறார் மீதான தீர்ப்பின் பதிவுகளை மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்கச் சொல்கிறது. பதினாறு வயதில் சைக்கிள் திருடிய பையன் இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போகும்போது அந்தத் தாள் எங்கேயும் இருக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைரேகை போன்றவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. முன்பு தண்டனை இல்லாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை, அவற்றை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். விடுதலையானவரின் பெயர் இணையத்தில் உள்ள தீர்ப்பில் தொடர்ந்து இருக்கலாமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் ஒரு விதமாகவும் 2024 பிப்ரவரியில் வேறு விதமாகவும் பதில் பெற்று, இரண்டாவது உத்தரவுக்கு அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நீதிபதிகளே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் விஷயத்தில், மென்பொருள் எழுதுகிறவர் ‘என்றென்றும்’ என்று முடிவெடுத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இதன் வலி என்னவென்று காவலர் தேர்வு எழுதிய இளைஞர்களுக்குத் தெரியும். இங்கே பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுதலையானவர்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுகிறார். ஊர்த் தகராறில் பத்தோடு பதினொன்றாகச் சேர்க்கப்பட்ட ஒரு பெயர் ஒருவரின் வேலையைத் தின்றுவிடுகிறது. அந்தப் பெயர் திருத்த முடியாத சங்கிலியில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அதை எஸ்டோனியாவிடம் பார்க்கலாம். 2007 ஏப்ரலில் அந்தச் சின்ன நாட்டின் அரசுத் தளங்கள், வங்கிகள், நாளிதழ்கள் எல்லாம் இணையத் தாக்குதலில் வாரக்கணக்கில் திணறின. தகவலைத் திருடுவது ஒருபுறம் இருக்கட்டும், யாரோ உள்ளே புகுந்து பதிவைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி அங்கே அன்று தீவிரமானது. அதே ஆண்டில் தொடங்கிய கார்ட்டைம் என்ற நிறுவனத்தின், ஹாஷால் முத்திரையிடும் கே.எஸ்.ஐ. தொழில்நுட்பம் 2012 முதல் அங்கே அரசுப் பதிவேடுகளில் வேலை செய்கிறது. முதலில் வாரிசுரிமைப் பதிவேடு, பிறகு மருத்துவப் பதிவுகள், நீதிமன்ற மின்கோப்பு என்று விரிந்தது.

அங்கே எந்த மனிதரின் பதிவும் சங்கிலியில் இல்லை. பதிவு அதன் துறையின் கணினியில்தான் இருக்கிறது. ஹாஷ்கள் மட்டும் மேலே போகின்றன. ஒரு நொடியில் வந்த அத்தனை ஹாஷ்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, சேர்த்ததை மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து, கடைசியில் ஒரே வேர் ஹாஷாக்குகிறார்கள். இப்படி நொடிக்கு ஒன்று. மாதத்துக்கு ஒரு முறை அதன் சாரத்தை ஃபைனான்சியல் டைம்ஸ் போன்ற நாளிதழில் அச்சிடுகிறார்கள். ஷ்யூரிட்டியின் அதே பழைய உத்தி. பதிவை அழிக்க வேண்டிய நாள் வந்தால் துறை அழித்துவிடலாம். சங்கிலியில் மிஞ்சுவது யாருக்கும் எதுவும் சொல்லாத எழுத்துக் கோவை மட்டுமே.

எதுவும் சொல்லாது என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. ஹாஷைத் திரும்ப அவிழ்க்க முடியாது, ஆனால் ஊகிக்க முடியும். ஒருவரின் பெயர், பிறந்த தேதி, ‘தண்டனை’ என்ற ஒரு சொல், இவ்வளவுதான் பதிவு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் பிறந்த தேதியையும் அறிந்த ஒருவர் அதே வாசகத்தைத் தானே எழுதி ஹாஷ் எடுத்து, பொதுச் சங்கிலியில் இருப்பதோடு ஒப்பிட்டால் போதும், பொருந்தினால் ரகசியம் வெளியே வந்துவிட்டது. பிறந்த தேதி தெரியாவிட்டாலும் நூறு ஆண்டுகளில் இருப்பது 36,525 நாள்தான், கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஆகவே ஒவ்வொரு பதிவோடும் நீளமான ஓர் எதேச்சை எண்ணைச் சேர்த்த பிறகே ஹாஷ் எடுக்க வேண்டும். உப்பு என்று தொழில்நுட்பக்காரர்கள் அதைச் சொல்வார்கள். அழிக்க வேண்டிய காலம் வந்தால் பதிவையும் உப்பையும் சேர்த்து அழித்துவிடலாம். அப்புறம் சங்கிலியில் இருக்கும் கோவையை எதனோடும் பொருத்த இயலாது. குற்றப் பதிவுக்குப் பிளாக்செயின் கட்டுகிறோம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உப்பு போட்டீர்களா, அது யார் கையில் இருக்கிறது?

ரகசியம் காப்பது வேறு வேலை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருளின் தகவல்கள் வெளியே கசிந்தன. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பிறர் கையில் சிக்கியதாகக் காவல்துறையே தெரிவித்தது. அந்தத் தரவு பிளாக்செயினில் இருந்திருந்தாலும் இதே கதைதான். திருத்தினால் காட்டிக்கொடுக்கும், பார்த்துவிட்டுப் போனால் தடுக்காது. எஸ்டோனியாவில் தங்கள் பதிவை எந்தத் துறை எப்போது திறந்து பார்த்தது என்பதைக் குடிமக்களே பார்க்க வசதி இருக்கிறது. அப்படிப் பார்த்தவர்களின் பட்டியலை யாரும் துடைத்துவிடாமல் காப்பதில் ஹாஷ் சங்கிலி நன்றாக உதவும்.

பொய் முதல் வரியிலேயே நுழைந்தால்? ரைட்டர் தப்பாக எழுதினால் சங்கிலி அந்தத் தப்பைப் பத்திரமாகக் காக்கும். முருகன், த/பெ சுப்பிரமணி என்று ஒரே தாலுகாவில் பலர் இருக்கும்போது தவறான முருகனின் பெயரில் வழக்கு ஏறினால், அந்த ஹாஷ் சரியாகத்தான் இருக்கும். ஆகவே திருத்தம் என்பதே கூடாது என்று வடிவமைக்கக் கூடாது. பழையது நிற்கட்டும், அதன் மேல் புதிய வரி சேரட்டும், யார் உத்தரவில் சேர்ந்தது என்பதும் சேர்ந்தே நிற்கட்டும். நிலப்பத்திரத்தில் பிழைதிருத்தல் பத்திரம் போடுவதைப் போல.

சட்டத்தின் கதவு இப்போது பாதி திறந்திருக்கிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். எஸ்.எச்.ஏ.-256 என்ற பெயர் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வஸ்யா என்ற பிளாக்செயின் அமைப்பை அறிவித்தது. புவனேஸ்வரம், புனே, ஹைதராபாத் தரவு மையங்களில் அது இயங்குகிறது. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம் போன்ற, வெளியே தெரியக் கூடாத வழக்குகளுக்கு மட்டும் விலக்கு என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஃபிரோசாபாத் தொட்ட முதல் மணி நேரத்தையும் எஸ்டோனியாவின் சிக்கனத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஸ்டேஷனில் புகார் கொடுத்த நிமிடமே, எஃப்.ஐ.ஆரா சி.எஸ்.ஆரா என்ற முடிவுக்கு முன்பே, புகார்த்தாளைப் படம் பிடித்து உப்பு சேர்த்து ஹாஷ் எடுத்துவிட வேண்டும். மாநிலம் முழுக்க உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களின் ஹாஷ்கள் ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேராகச் சேர வேண்டும். அந்த வேர் காவல்துறையின் சர்வரில் நின்றுவிடாமல் உயர் நீதிமன்றத்தின் கணினிக்கும் அரசிதழுக்கும் போய்விட வேண்டும். பொதுச் சங்கிலியில் எழுதினாலும் சரி, தினத்தாளில் அச்சிட்டாலும் சரி, முத்திரை காக்கிச் சட்டைக்கு வெளியே இருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆரைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போகும் காவலரின் வேலையை இந்த வேர் எல்லாப் புகாருக்கும், சைக்கிள் தொலைந்த புகாருக்கும்கூட, செய்துவிடும்.

செலவைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு ஹாஷ் 32 பைட். இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் இருபது படியில் வேர் வந்துவிடும் என்பதால், பத்து லட்சம் புகார்களை ஒரே வேரில் சேர்த்தாலும், அதில் என் புகார் இருக்கிறது என்று நிரூபிக்க 20 ஹாஷ்கள் போதும். மொத்தம் 640 பைட், உப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். சி.எஸ்.ஆர். ரசீதின் மூலையில் ஒரு க்யூ.ஆர். கட்டத்துக்குள் அடங்கிவிடும். படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதம் கழித்து, “நீ அன்னைக்கு வரவே இல்லையே” என்று யாராவது சொன்னால் எடுத்து நீட்டலாம்.